நோட்டில் விடுபட்ட எலிகள்

டீச்சர்,

இன்று காலை பேப்பரைப் பிரித்த கையோடு கத்தரிக்கோலைத் தேடினேன். தையல் பெட்டியில் இல்லை, மேஜை இழுப்பறையிலும் இல்லை. பால் பாக்கெட் வெட்டுவதற்கென்று மருமகள் சமையலறைக்கு எடுத்துப் போயிருந்தாள். "இன்னா அத்தை, காலங்காத்தால கத்திரிக்கோலத் தேடிக்கினு இருக்கீங்க?" என்றாள். "டீச்சருக்கு ஒரு நியூஸ் வெட்டணும்மா" என்று சொல்லிவிட்டேன். வாய் சொல்லி முடித்த பிறகுதான், நீங்கள் போய் ஏழு வருடம் ஆகிவிட்டது என்பது மனதுக்கு எட்டியது. அவள் கத்தரிக்கோலைக் கழுவி, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

செய்தி உள்பக்கத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. வெளிநாட்டில் எங்கோ, தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவருக்கு ஸ்டெம் செல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கால் விரலில் கொஞ்சம் உணர்வு திரும்பியிருக்கிறதாம். இதை வைத்து இப்போதே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர்களே அடக்கித்தான் பேசியிருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் இரண்டு தடவை படிக்கச் சொல்லியிருப்பீர்கள். முதல் தடவை கேட்பதற்கு, இரண்டாவது தடவை என் தமிழைத் திருத்துவதற்கு.

வெட்டிய காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரிடம் கொண்டுபோய்ப் படிப்பது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் திண்டிவனம் பள்ளியில் சேர்ந்தோம். நான் விலங்கியல், நீங்கள் தமிழ். நான் விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். நீங்கள் மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். திண்டிவனத்தில் வேர்க்கடலை மண்டி வைத்து மல்லாட்டை வியாபாரம் செய்துகொண்டிருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தீர்கள். வயதில் நமக்குள் சில மாத வித்தியாசம்தான். ஆனாலும் கடைசிவரை நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர். பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரே பெஞ்சில் உட்காருவோம். என் டிபன் பாக்ஸில் கருவாடு இருக்கிற நாளில் நீங்கள் முகம் சுளித்ததில்லை. "இன்னிக்கு நான் ஜன்னல் பக்கம் உக்காந்துக்கறேன் டீச்சர்" என்பீர்கள், அவ்வளவுதான். மாலையில் ஸ்டாஃப் மீட்டிங் நீண்டுவிட்டால் மட்டும் உங்களுக்குக் கால் நிலைகொள்ளாது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டால் பூச்சி பொட்டு விழுந்து செத்துவிடும் என்பது உங்கள் வீட்டு வழக்கம். ஹெட்மாஸ்டர் பேசிக்கொண்டே போவார், நீங்கள் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தவளை அறுக்கிற பிராக்டிகல் நாளில் நீங்கள் என் லேப் இருக்கும் பக்கமே வரமாட்டீர்கள். ஒரே ஒரு நாள் வந்தீர்கள். வாசற்படியில் நின்றுகொண்டு, "நீங்க அறுக்கறத நான் தடுக்கல டீச்சர். அது உங்க வேலை. அறுக்கறதுக்கு முன்னாடி அது கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அறுங்க" என்றீர்கள். பிள்ளைகள் எதிரில் இப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கடுப்பு. "தவளைக்குத் தமிழ் தெரியுமா டீச்சர்?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "உங்களுக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

வருடத்துக்கு ஒரு நாள் உங்களுக்கு மன்னிப்புக் கேட்கும் நாள் வரும். பத்து நாள் நோன்பு முடிந்த கையோடு ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து கை கூப்பி நிற்பீர்கள். பெல் அடிக்கிற பியூனைக்கூட விடமாட்டீர்கள். "தெரிஞ்சோ தெரியாமலோ உங்க மனசு நோகற மாதிரி எதனா செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க." எனக்குக் கூச்சமாகப் போய்விடும். "அட விடுங்க டீச்சர், நீங்க இன்னா செஞ்சிட்டீங்க" என்று கையைப் பிடித்து இறக்கிவிடுவேன். நீங்கள் அப்போதும் ஒரு நிமிடம் நின்று என் முகத்தைப் பார்ப்பீர்கள். பதிலுக்கு நானும் கேட்க வேண்டும் என்பது எனக்குப் பல வருடம் உறைக்கவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அது நடந்தது. அம்மா வீட்டுக்குப் போக மொபெட்டில் மேல்சித்தாமூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தீர்கள். நடுரோட்டில் ஒரு ஓணான். நகராமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றதாம். அதன்மேல் ஏற்றாமல் ஒடித்துத் திருப்பினீர்கள். வண்டி சரிந்து, சிறுபாலத்தின் கட்டைச்சுவரில் உங்கள் முதுகு மோதியது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்து வீட்டுக்கு வந்தபோது, இடுப்புக்குக் கீழே எதுவும் உங்களுடையதாக இல்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "போயும் போயும் ஒரு ஓணானுக்காகவா?" நானும் கேட்டேன். கோபத்தில் கேட்டேன், அழுதுகொண்டே கேட்டேன். நீங்கள் யோசித்துவிட்டு, "அந்த நேரத்துல அது ஓணான்னு எல்லாம் தெரியல டீச்சர். எதிர்ல ஒண்ணு உசிரோட நின்னுக்கினு இருந்துச்சு, அவ்ளோதான் தெரிஞ்சிச்சு" என்றீர்கள்.

சனிக்கிழமை மதியம் உங்கள் வீட்டுக்கு வருவது அப்போது தொடங்கியது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை மீன். உங்களைப் பார்க்க வரும் நாளில் நான் அதைத் தொடமாட்டேன். இதை உங்களிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். வரும்போதெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் உங்களைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். மல்லாட்டை மூட்டையும் தராசும் அறிந்த கைகள் அவருடையவை. அந்தக் கைகள் எப்படி அவ்வளவு மெதுவாக வேலை செய்யக் கற்றன என்று வியப்பேன். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

மல்லாந்து படுத்திருக்கும் நேரத்தில் உங்களுக்குத் துணை மேற்கூரையில் ஓடுகிற பல்லிதான். ஒருநாள் அதைக் காட்டி, "ஆவணி மாசம் இதுக்கு வால் இல்ல டீச்சர். இப்ப பாருங்க, முக்கால்வாசி வளந்திருச்சு. பல்லிக்கு முளைக்கிறது எனக்கு ஏன் முளைக்க மாட்டேங்குது?" என்று கேட்டீர்கள். கேலியாகத்தான் கேட்டீர்கள். பாடம் நடத்துகிற குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன். கையிலும் காலிலும் ஓடுகிற நரம்பு அறுந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போல மெல்ல வளர்ந்துவிடும், தண்டுவடத்துக்குள்ளே இருக்கிற நரம்பு அப்படி வளராது, அடிபட்ட இடத்தில் தழும்பு கட்டி வழியை அடைத்துவிடும் என்றேன். அதை எப்படியாவது வளரவைக்க முடியுமா என்று உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். "பாத்துக்கினு இருக்காங்களா?" என்றீர்கள். அந்தக் கேள்வியில் இருந்த ஆவலைப் பார்த்ததும்தான் மறு வாரத்திலிருந்து பேப்பரை வெட்டத் தொடங்கினேன்.

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷ் பேப்பர் வரும். வாரத்துக்கு ஒருநாள் அதில் அறிவியல் பக்கம் உண்டு. நரம்பு, தண்டுவடம் என்று கண்ணில் பட்டால் வெட்டி வைத்துக்கொண்டு, தமிழில் ஒரு நோட்டில் எழுதி, சனிக்கிழமை உங்களிடம் படிப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்டெம் செல் செய்திகள் வர ஆரம்பித்தன. உடம்பில் எந்த உறுப்பாக வேண்டுமானாலும் மாறக்கூடிய செல் என்று விளக்கிவிட்டு, 'தண்டு செல்' என்று எழுதியிருந்தேன். நீங்கள் பென்சிலால் அடித்துவிட்டு 'குருத்துச் செல்' என்று எழுதினீர்கள். "பனங்குருத்து மாதிரி டீச்சர். இன்னும் ஓலையாவும் ஆகல, மட்டையாவும் ஆகல" என்றீர்கள். திருத்தி முடித்ததும் பக்கத்தின் அடியில் ஒரு டிக் போட்டுச் சின்னதாகக் கையெழுத்துப் போடுவீர்கள். வகுப்பும் பிள்ளைகளும் இல்லாமல் போன தமிழ் டீச்சருக்குக் கடைசியாகக் கிடைத்த பிள்ளை நான்தான்.

அந்த முதல் ஸ்டெம் செல் செய்தியிலேயே நான் தவறிவிட்டேன். பேப்பரில் இருந்தது எலிகளைப் பற்றி. எலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, முதுகைத் திறந்து, தண்டுவடத்தை நசுக்கி, பிறகு செல்களை ஊசியில் ஏற்றிச் செலுத்தி, அவை மறுபடி பின்னங்காலை ஊன்றுகின்றனவா என்று பார்த்திருந்தார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தவள் அந்த வரியில் நின்றுவிட்டேன். ஓணானுக்காக முதுகைக் கொடுத்தவரிடம், உங்கள் முதுகுக்காக எலிகளின் முதுகை ஒடிக்கிறார்கள் என்று எப்படிப் படிப்பது? எலியை விட்டுவிட்டு, 'அடிபட்ட தண்டுவடத்தில் இந்தச் செல்களைச் செலுத்தியபோது கால்களில் அசைவு திரும்பியது' என்று எழுதினேன். எழுதியதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"எழுந்து நடந்தாங்களா டீச்சர்? யாரு அவங்க?" என்று கேட்டீர்கள்.

"பேஷண்ட்டுங்க டீச்சர்" என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. உள்ளே குரல் கொடுத்து, "ஏங்க, வெளிநாட்டுல நடந்துட்டாங்களாம்" என்று அண்ணாவிடம் சொன்னீர்கள். அவர் தராசுத் தட்டைக் கையில் பிடித்தபடியே வாசலில் வந்து நின்று என்னைக் கும்பிட்டார். அதற்குப் பிறகு என்னால் திரும்ப முடியவில்லை.

வருடக் கணக்கில் அப்படியே எழுதினேன். நான்கு நோட்டு நிறைந்தது. மூக்கில் இருக்கிற மோப்ப நரம்பு மட்டும் ஆயுசு முழுக்கப் புதிது புதிதாக முளைக்குமாம், அந்த இடத்துச் செல்லை எடுத்துத் தண்டுவடத்தில் வைக்கிறார்களாம் என்று படித்தேன். "அப்போ இனிமே மூக்கால நடக்கணுமா?" என்று சிரித்தீர்கள். தோலில் இருந்து எடுத்த சாதாரணச் செல்லையே பின்னோக்கித் திருப்பிக் குருத்துச் செல்லாக ஆக்குகிறார்கள் என்று படித்தபோது, "கிழவியப் பச்சக் குழந்தையாக்கற வேலையா?" என்றீர்கள். கருவிலிருந்து செல் எடுப்பது பற்றி வந்தபோது அதை மறைக்காமல் படித்தேன், எங்கள் கத்தோலிக்கத் திருச்சபை அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றும் சொன்னேன். எனக்கு உறுத்துவதை எல்லாம் சொல்லிவிட்டு உங்களுக்கு உறுத்துவதை மட்டும் விழுங்கினேன். எலி, வெள்ளெலி, நாய், குரங்கு, எல்லாவற்றையும் பேஷண்ட்டுகள் ஆக்கினேன்.

அந்த வருடங்களிலும் மன்னிப்பு நாள் வந்தது. படுத்தபடியே கை கூப்புவீர்கள். நான் "விடுங்க டீச்சர்" என்பேன். நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் பல்லியைப் பார்ப்பேன்.

நோட்டில் இருந்த நம்பிக்கை ஒருநாள் வேலை செய்யத் தொடங்கியது. மண்டிக்கு வந்த யாரோ அண்ணாவிடம் ஒரு கலர் நோட்டீஸைக் கொடுத்திருந்தார். தொலைவில் ஒரு நகரத்தில் ஒரு தனியார் கிளினிக். முதுகில் ஸ்டெம் செல் ஊசி போட்டு நடக்க வைப்பார்களாம். அண்ணா என்னைக் கேட்டபோது நான் மழுப்பினேன். நீங்கள்தான் முடிவெடுத்தீர்கள். "இத்தினி வருஷமா டீச்சர் படிச்சிக் காட்டலையா? அங்க அத்தினி பேரு நடந்திருக்காங்க, நமக்கு மட்டும் வராதா?" என்று அவரிடமே சொன்னீர்களாம். தேதி குறித்து, கார் பேசி முடித்த பிறகுதான் எனக்குச் சொன்னார்.

மனிதர்களிடம் சோதித்து முடிக்காத வைத்தியம் அது. உங்கள் உடம்பு அந்தப் பயணத்தையே தாங்குமா என்று தெரியாது. ஊசியால் என்ன ஆகும் என்று அந்த நோட்டீஸில் ஒரு வரி இல்லை. நீங்கள் அதை நம்பிப் போகவில்லை, என்னை நம்பிப் போகிறீர்கள். அந்த ஞாயிறு கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். "இரக்கத்துலதான சொன்னீங்க" என்று தேற்றி, 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். முழந்தாளில் நின்று சொல்லி முடித்தேன். எழுந்தபோது பாரம் அப்படியே இருந்தது. யாருக்குச் செய்தேனோ அவரிடம் போய் நிற்க வேண்டும் என்ற உங்கள் வழக்கம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை வரை காத்திருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். உங்கள் வாசற்படியில் ஒரு ஜோடி செருப்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. விபத்துக்கு முன்னால் நீங்கள் போட்டுக்கொண்டிருந்த அதே பழுப்புச் செருப்பு. பரணிலிருந்து எடுத்துக் கழுவி வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தேன்.

"வாங்க டீச்சர், நல்ல நேரத்துக்கு வந்தீங்க. எந்தப் பொடவையக் கட்டிக்கினு போலாம், சொல்லுங்க" என்றீர்கள்.

"டீச்சர், அதெல்லாம் எலிங்க" என்றேன்.

"எது?"

"நோட்டுல இருக்கறது. நடந்ததெல்லாம் எலி. மனுஷங்க இல்ல. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. சிலதுல நாய். ஒண்ணு ரெண்டுல கொரங்கு."

இனி என்ன கேட்பீர்கள் என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அப்போ நான் நடக்க மாட்டேனா என்று கேட்பீர்கள், ஏன் ஏமாத்தினீங்க என்று கேட்பீர்கள், இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். நீங்கள் கேட்டது வேறு.

"அதுங்களுக்கு எப்படி முதுகு ஒடிஞ்சிது டீச்சர்?"

"ஒடிச்சாங்க" என்றேன்.

உங்கள் கை போர்வையைப் பிடித்துக்கொண்டது. "நான் சிரிச்சிக்கினே கேட்டுக்கினு இருந்தேனே" என்றீர்கள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "போய்ட்டு வாங்க டீச்சர்" என்றீர்கள்.

அண்ணா தெருமுனை வரை என்னோடு வந்தார். அவர் என்னிடம் கோபமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். "இத்தினி வருஷம் சொல்லாதவங்க, இன்னும் பத்து நாள் சொல்லாம இருந்திருக்கக் கூடாதா? ஆசையா இருந்தாம்மா." அவர் அழுதார். நீங்கள் அந்தக் கிளினிக்குக்குப் போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்களைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் இல்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சனிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் கால் தானாக உங்கள் தெருப் பக்கம் திரும்பும். திருப்பிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். பேப்பர் வெட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் உங்களை விட்டுவிட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது. பழைய துண்டுகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னிலேயே புதியதையும் போட்டு வைத்தேன்.

ஒருநாள் மதியம் அண்ணா பள்ளிக்கே வந்து கேட்டருகில் நின்றார். "இன்னிக்கு நோன்பு முடிஞ்சிது. உங்கள இட்டுக்கினு வரச் சொன்னா" என்றார். மன்னிப்பு நாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நீங்கள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். இளைத்துப் போயிருந்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கை கூப்பிவிட்டீர்கள். "தெரிஞ்சோ தெரியாமலோ உங்க மனசு நோகற மாதிரி எதனா செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க டீச்சர். எட்டு மாசம் பேசாம இருந்தேன். அது தெரிஞ்சே செஞ்சது." நான் இந்தத் தடவை உங்கள் கையை இறக்கவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து நானும் கை கூப்பினேன். வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. நீங்கள் காத்திருந்தீர்கள். வார்த்தை வரும்வரை காத்திருந்தீர்கள். கடைசியில் கேட்டேன். உங்களிடம் பழகிய அத்தனை வருடத்தில் நான் கேட்ட முதல் மன்னிப்பு அது.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஆச்சு" என்றீர்கள். "அதுங்க கிட்ட யாரு கேக்கறது?"

தலையணைக்குக் கீழே இருந்து நான்கு நோட்டையும் எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்க்கிற அதே பார்வை. "விட்டுப்போனதெல்லாம் எழுதிக்கினு வாங்க. சிகப்பு மையில எழுதுங்க."

ஒரு மாதம் ஆனது எனக்கு. பிஸ்கட் டின்னைத் திறந்து, பழுப்பேறிய துண்டுகளைத் தேதிப்படி அடுக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் இருந்த 'பேஷண்ட்' என்ற பொய்யை அடித்து, மேலே சிவப்பு மையில் எழுதினேன். எலி. எலி. வெள்ளெலி. நாய். எலி. எழுத எழுதத்தான் தெரிந்தது, எத்தனை உயிர்களை நான் ஒரு சொல்லால் துடைத்து வைத்திருந்தேன் என்று. விலங்கியல் டீச்சராக அவ்வளவு காலம் இருந்தும், எலி என்று எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பேனாவை நிறுத்தியது அந்த மாதம்தான்.

பிறகு சனிக்கிழமைகளில் முதல் நோட்டிலிருந்து மறுபடி படித்தேன். ஒவ்வொரு சிவப்புச் சொல் வரும்போதும் நீங்கள் கண்ணை மூடிக் கை கூப்புவீர்கள். ஏதோ முணுமுணுப்பீர்கள். அப்புறம் 'ம்' என்பீர்கள், நான் மேலே படிப்பேன். செய்திகளைக் கேட்கிற ஆசை உங்களுக்குக் குறையவே இல்லை. புதிதாக எது வந்தாலும், "மொதல்ல யாரு மேல செஞ்சாங்க, அதச் சொல்லுங்க. அப்பறம் மத்தது" என்பீர்கள்.

எனக்குப் பொறுக்காமல் ஒருநாள் கேட்டேன். "அப்போ இந்த ஆராய்ச்சியே வேணாங்கறீங்களா டீச்சர்?"

நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். மேலே பல்லி ஓடிக்கொண்டிருந்தது. "வேணாம்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. எனக்கும் எழுந்து நடக்கணும்னு ஆசதான். இப்பவும் ஆசதான். ஆச இல்லன்னா நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுவேனே."

நான் கேட்ட பிரசங்கங்களும் படித்த புத்தகங்களும் கொஞ்சமில்லை. இதற்கு மேலே ஒன்றை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சில வருடம் அப்படிப் போனது. பிறகு சிறுநீரகத்தில் கிருமி ஏறி, காய்ச்சல் விட்டு விட்டு வந்து, ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை மதியம் நீங்கள் போய்விட்டீர்கள். மறுநாள் சனிக்கிழமை. நான் எப்போதும் வருகிற பஸ்ஸில்தான் வந்தேன். கைப்பையில் அந்த வாரத்துச் செய்தி இருந்தது. அதில் இரண்டு இடத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அந்தக் கூட்டத்தில் அதை எங்கே படிப்பது? அப்படியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோனேன்.

காரியம் முடிந்த பிறகு அண்ணா விழுப்புரத்துக்கே வந்து நோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு நோட்டும், பாதி எழுதிய ஐந்தாவதும். "இது உங்க கிட்டத்தான் இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாம்மா" என்றார். பழைய கோபம் அவர் முகத்தில் இல்லை. என் பையன் அவரை ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் டிக், உங்கள் சின்னக் கையெழுத்து. ஐந்தாவது நோட்டின் நடுவில் அது நின்றுவிடுகிறது.

நீங்கள் போன பிறகு பேப்பர் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிடப் பழகியிருந்தேன். இன்று என்னவோ கை நின்றுவிட்டது. இப்போது நோட்டை எடுத்துவைத்து, காலையில் வெட்டிய செய்தியைத் தமிழில் எழுதி முடித்தேன். கண் முன்புபோல் இல்லை, எழுத்து கோணுகிறது, நீங்கள் இருந்தால் சந்திப்பிழைக்கு நான்கு இடத்தில் வட்டம் போட்டிருப்பீர்கள். எழுதிவிட்டு, முதலில் யாருக்குச் செய்தார்கள் என்று தேடினேன். பேப்பரில் அந்த மனிதர் மட்டும்தான் இருக்கிறார். அவருடைய விரல், அவருடைய மனைவியின் சந்தோஷம், டாக்டர்களின் எச்சரிக்கை, எல்லாம் இருக்கிறது. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை விட்டது நானில்லை. என்னைப் போலவே வேறு யாரோ, யாரையோ நினைத்து விட்டிருக்கிறார்கள்.

சிவப்புப் பேனாவை மருமகளிடம் கேட்டு வாங்கி, ஓரத்தில் எழுதினேன்: 'இவருக்கு முன்னால், எலிகள்.' பக்கத்தின் அடியில் உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்த மனிதரின் விரலுக்கு உணர்வு திரும்பியதில் எனக்குச் சந்தோஷம்தான் டீச்சர், மறைக்கவில்லை. உங்கள் விரலாக இருந்திருக்கக் கூடாதா என்ற ஆற்றாமையும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

நோட்டை மூடுவதற்கு முன்னால் கை கூப்பினேன். சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் முணுமுணுத்தது என்ன என்று நான் கடைசிவரை கேட்டுக்கொள்ளவே இல்லை. அதனால் எனக்கு வந்ததைச் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். எலிக்குத் தமிழ் தெரியாது டீச்சர். எனக்குத் தெரியும்.